மேல பஜாரின் இடுப்பு

மினி பஸ் கண்டக்டர் மொக்கராசுவின் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்த அன்றைக்கு, அவன் மதுரையில் ஆஸ்பத்திரி மேசைமேல் படுத்திருந்த அதே நேரத்தில், ஆவாரங்குளம் மேல பஜாரின் இடுப்பிலும் ஒரு கம்பிவலை வந்து நின்றது.

இடுப்பு என்பது அந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர். பஸ் ஸ்டாண்டிலிருந்து மாரியம்மன் கோயிலுக்குப் போகும் பஜார், சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பாத்திரக்கடைக்கும் காதர் பாயின் செருப்புக்கடைக்கும் நடுவில் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கும். மினி பஸ் அதற்குள் நுழைந்தால் ஒரு பக்கம் அண்ணாச்சியின் தூக்குவாளியும் மறுபக்கம் பாயின் செருப்பும் ஜன்னல் வழியாகப் பயணிகள் மடியில் வந்து விழும் என்பதால், மொக்கராசு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த இடத்தில் இறங்கி, பஸ்ஸைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்து, விசிலை ஊதி ஊதி, "வரட்டும் வரட்டும், லெஃப்ட்ல ஒடி, யம்மா அந்தக் கூடையைத் தூக்கு, யாரும் நிக்காதீங்க, போயிட்டே இருங்க" என்று ஊசியில் நூல் கோப்பதுபோல் பஸ்ஸைக் கோத்து அந்தப் பக்கம் எடுத்துவிடுவான். அவனுக்கு நெஞ்சுவலி வந்ததும் அங்கேதான், பாதி பஸ் நுழைந்து பாதி பஸ் வெளியே நிற்கையில்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி பவுனுத்தாய் உட்கார்ந்திருந்தபோது அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது.

"தாயி, கண்டக்டருக்கு எப்படி இருக்கு?"

"உள்ள கொண்டுபோயிருக்காங்க அண்ணாச்சி. இன்னும் ஒண்ணும் சொல்லல."

"சரியாயிரும், மாரியாத்தா இருக்கா. இங்க ஒரு சமாச்சாரம். இடுப்பு விரிஞ்சுபோச்சு."

"யாருக்கு?"

"நம்ம பஜார் இடுப்புத்தா. கம்பிவலை ஒண்ணு குழாய் கணக்கா வந்து நின்னு, என் கடையை அந்தப் பக்கமும் பாய் கடையை இந்தப் பக்கமும் தள்ளி வச்சிருக்கு. ஒரு டம்ளர் கீழ விழல. இப்பத்தான் ஒரு லாரி போச்சு."

"நல்லதுதான் அண்ணாச்சி. உங்க கடைக்குள்ள இடம் குறைஞ்சிருச்சா?"

"அதான் இல்லை. அளந்து பாத்தேன். இருந்தபடியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போட்டோவும் அனுப்பினார்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து, மொக்கராசுவின் ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் விரிந்திருக்கிற படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டியபோது, பவுனுத்தாய் தன் போனை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே பின்னல், அதே வளைவு. டாக்டரம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டுமே நல்லா விரிஞ்சிருக்கு" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"கேட்டுக்கங்கம்மா. கம்பி உள்ள போனதோட முடிஞ்சிரல. ரத்தத்துக்கு அது புது ஆள். புதுசா ஒருத்தன் தெருவுக்கு வந்தா சுத்திக் கூட்டம் கூடுமில்ல, அது மாதிரி ரத்தம் போய் அது மேல ஒட்டப் பாக்கும். ஒட்டினா கட்டியாகும், கட்டியானா ஒரே அடைப்பா அடைச்சிரும், அது முதல்ல வந்ததைவிட மோசம். போகப் போக உடம்பே அந்தக் கம்பி மேல தோல் மாதிரி வளந்து மூடிரும். அது வரைக்கும் இந்த ரெண்டு மாத்திரை. ஒரு நாளும் விடக் கூடாது. பல்லு புடுங்குறதா இருந்தாலும் என்னைக் கேக்காம நிறுத்தக் கூடாது."

"பஸ்ல ஏறலாமா டாக்டர்?" என்று கட்டிலிலிருந்து மொக்கராசு கேட்டான்.

"பயணியா ஏறுங்க" என்றார் டாக்டரம்மா.

ஊர் அந்த வலையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நகராட்சியிலிருந்து வந்தவர் தட்டிப் பார்த்து இது எங்கள் டெண்டரில் இல்லை என்றார். நெடுஞ்சாலையிலிருந்து வந்தவர் நிமிர்ந்து பார்த்து எங்கள் எல்லையில் இல்லை என்றார். ஆளுங்கட்சிக்காரர்கள் எங்கள் முயற்சியால் வந்தது என்று ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் எங்கள் போராட்டத்தால் வந்தது என்று ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள், இரண்டையும் கட்டுவதற்கு அந்த வலையே தோதாக இருந்தது. அந்த வாரமே யாரோ ஒரு பெண் கம்பிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி மஞ்சள் கயிறு கட்டினாள். கயிற்றைப் பார்த்துப் பிள்ளையில்லாதவர்கள் துணித்தொட்டில் கட்டினார்கள். தொட்டிலைப் பார்த்துப் பூசாரி வீரணன் ஓர் உண்டியலைக் கொண்டுவந்து சங்கிலி போட்டுப் பூட்டினார். ஆவாரங்குளத்தில் எது புதிதாக வந்தாலும் இப்படித்தான். டிரான்ஸ்ஃபார்மருக்கும் பொட்டு வைத்தார்கள், ஏ.டி.எம். வந்தபோதும் தேங்காய் உடைத்தார்கள். வந்த பொருளை வெறுமனே விட்டுவைப்பது மரியாதையில்லை என்பது ஊரின் நினைப்பு.

கோயில் வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த பவுனுத்தாயும் கூடையைத் தூக்கிக்கொண்டு வலையடிக்கு வந்தாள். புருஷன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், கோயிலுக்குள் போகிறவர்களைவிட வலைக்குள் நிற்கிறவர்கள் அதிகம், கூடை தானாகக் காலியாகும் இடத்தை விட்டுவிட்டு வேறெங்கே போய் உட்காருவது?

அங்கே உட்கார்ந்தபிறகுதான் அவள் கவனித்தாள்: கட்டியவை மட்டுமல்ல, கட்டாதவையும் வலையில் ஒட்டின. காற்றில் போன லுங்கி ஒட்டியது, மெத்தைக்காரரின் பஞ்சு ஒட்டியது, போகிறபோக்கில் உரசிய ஆடு ஒன்று உரசியபடியே நின்றது, கம்பியைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் எங்கே கிளம்பினோம் என்பதை மறந்து அடுத்தவர் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள். காலையில் வீட்டில் மொக்கராசு மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்ததும், இங்கே லுங்கி விழும், பஞ்சு பறக்கும், ஆடு போகும், நின்றவர்கள் "அடடா, நேரமாச்சே" என்று நடப்பார்கள்.

இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று கண்டுபிடித்தவர் காதர் பாய். ஒருநாள் மொக்கராசு அக்கா பேரனின் காதுகுத்துக்குப் போய், மாத்திரையைக் கறிச்சோற்றுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். அன்று பள்ளிக்கூட வேன் வலைக்குள் வந்து, இன்ஜின் ஓட, சக்கரம் சுற்ற, இருந்த இடத்திலேயே இருந்தது. பிள்ளைகள் உள்ளேயே மதியச் சாப்பாட்டைத் திறந்து சாப்பிட்டு முடித்தார்கள். பாய் கொஞ்ச நேரம் யோசித்தார், பிறகு பவுனுத்தாயின் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, கண்டக்டர் இன்னைக்கு மாத்திரை போட்டாரா, ஒரு போனைப் போட்டுக் கேளு."

அவள் கேட்டாள், அவன் போட்டான், வேன் போனது.

அதிலிருந்து ஊரில் யாரும் மொக்கராசுவைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "கண்டக்டரே, மாத்திரை போட்டாச்சா?" என்பதுதான் கேள்வி, "போட்டாச்சு" என்பதுதான் பதில். பாய் காலைத் தொழுகை முடித்து வருகிற வழியில் அவன் வீட்டு ஜன்னலைத் தட்டிக் கேட்டார். அண்ணாச்சி கடை திறந்து சாம்பிராணி போடுமுன் போனில் கேட்டார். பழகிப்போய், உடம்பில் ஒரு குறையுமில்லாத ஆட்கள்கூட ஒருவரையொருவர் பார்த்தால் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கையில் பங்குனி வந்தது.

நெஞ்சுவலி வந்த அன்று, பஸ்ஸின் படியில் சாய்ந்து கிடந்த புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பவுனுத்தாய் மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள்: இந்த ஆளைக் காப்பாற்றிக் கொடுத்தால் பங்குனிப் பொங்கலுக்குக் கன்னத்தில் அலகு குத்தி உன் வாசலுக்கு வருவான். ஆவாரங்குளத்தில் அலகு குத்துவதற்கு ஒரு கணக்கு உண்டு. காப்புக் கட்டி விரதம் சுத்தமாக இருந்தால், வெள்ளி வேல் ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வந்தாலும் ஒரு சொட்டு ரத்தம் வராது. வந்தால் விரதத்தில் குறை. போன வருஷம் டைலர் தவசிக்கு வந்தது. அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவன் பெண்டாட்டியைத்தான், குழாயடியிலும் ரேஷன் கடையிலும், "என்னத்தா செஞ்சு வச்ச?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சித்திரை முடியுமுன் இரண்டு பேரும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

காப்புக் கட்டுகிற அன்று காலையில் மொக்கராசு முகம் மழித்தபோது தாடையில் பிளேடு லேசாகப் பட்டது. கடுகளவு கீறல். அதிலிருந்து ரத்தம் மெதுவாக, அவசரமே இல்லாமல், நிற்காமல் வந்தது. துண்டு நனைந்தது, பவுனுத்தாய் காப்பித்தூளை வைத்து அழுத்தினாள், அதுவும் நனைந்தது. "மாத்திரை வேலை செய்யுதுய்யா, நல்லதுதான்" என்று அவள் சொன்னாள். அவன் கண்ணாடியில் தன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து வலையில் ஒட்டியவை விழவில்லை.

முதலில் ஆடு நின்றது, பிறகு ஆட்டைத் தேடி வந்தவர் நின்றார். வளையல் வண்டி நின்றது, ஐஸ் வண்டி நின்றது. அண்ணாச்சி, கடைக்குள் ஆள் வருவதற்குப் பதில் வாசலிலேயே நிற்கிறார்களே என்று குத்துவிளக்கையும் குடத்தையும் வலையில் தொங்கவிட்டார். பாய் செருப்புகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டார். மினி பஸ்ஸை உரசி உரசித்தான் எடுக்க முடிந்தது. "மாத்திரை போட்டாச்சா கண்டக்டரே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் "போட்டாச்சு" என்றான். பஸ் வராது என்றால் வராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள் அவன் என்பதால் யாரும் மறுபடி கேட்கவில்லை. திருவிழா என்றால் கூட்டம் நிற்கத்தான் செய்யும் என்றார்கள். பவுனுத்தாயும் அப்படித்தான் நினைத்தாள். கூடை மத்தியானத்துக்குள் காலியாகிக்கொண்டிருக்கும்போது வேறு மாதிரி நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

பொங்கலன்று பகலில், அக்கினிச்சட்டி எடுத்தவர்கள் முதலில் வலைக்குள் வந்து நின்றார்கள். அவர்கள் பின்னால் மேளம் வந்து நின்றது, மேளத்துக்குப் பின்னால் முளைப்பாரி வந்து நின்றது. யாரும் யாரையும் தள்ளவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு அவ்வளவு பேரும் சும்மா நின்றார்கள். உருமிச் சத்தம்கூட வலையில் ஒட்டிக்கொண்டு, அடிப்பவர் கையை எடுத்தபிறகும் அங்கேயே முனகிக்கொண்டிருந்தது. பவுனுத்தாய், புருஷனுக்கு அலகு குத்துகிற நேரமாகிவிட்டது என்று எழுந்து கூடையைத் தூக்கினாள். கூடை வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அது கம்பியோடு கம்பியாக இருந்தது.

அவள் கூடையை விட்டாள். பாயின் கடைக்குள் புகுந்து, ஒருக்களித்துத்தான் நடக்க முடிகிற பின்முடுக்கு வழியாக ஓடி, கோயில் குளத்தங்கரைக்கு வந்தாள். அங்கே மொக்கராசு மஞ்சள் வேட்டி கட்டி, கழுத்தில் மாலையோடும் மாலைக்குள் பழக்கத்தினால் போட்டுக்கொண்ட விசிலோடும் பலகையில் உட்கார்ந்திருந்தான். பூசாரி வீரணன் வேலுக்கு விபூதி பூசிக்கொண்டிருந்தார். மொக்கராசுவின் முகம் குளித்ததுபோல் வேர்த்திருந்தது.

"ஏய்யா, மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சு."

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

அவன் குளத்தைப் பார்த்தான். "காப்புக் கட்டினதுலருந்து போடல."

"பாவி மனுசா."

"போட்டா ரத்தம் வரும் பவுனு. நீதான பாத்த? என்னைய ஒருத்தனும் ஒண்ணும் சொல்லமாட்டான். உன்னையத்தான் கேப்பாங்க, என்ன செஞ்சு வச்சான்னு."

"கேட்டா எனக்கு வாயில்லையா? நான் என்ன ஊமையா?"

"நேந்துக்கிட்டது நீதான?"

"நான் நேந்துக்கிட்டது நீ இருக்கணும்னுய்யா."

அவன் இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டான். பிறகு, "இடது கை கனமா இருக்கு புள்ள" என்று, பஸ்ஸில் சுமை ஏறிவிட்டதைச் சொல்வதுபோல் சொன்னான்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டரம்மா திட்டுவதைத் தள்ளிவைத்துவிட்டு, எந்த மாத்திரையைக் கடித்து விழுங்க வேண்டும் என்று சொல்லி, மாத்திரை போட்டதோடு இருந்துவிடாமல் உடனே, இந்த நிமிஷமே, கிளம்பி வரச் சொன்னார். மாத்திரை எங்கே என்று பவுனுத்தாய் கேட்டதற்கு மொக்கராசு வேட்டி மடிப்பை அவிழ்த்தான். போடாத மாத்திரைகள் எல்லாம் அட்டையோடு அங்கே இருந்தன.

"தூக்கிப்போட மனசு வரல" என்றான். "அந்தம்மா அவ்வளவு தூரம் சொல்லுச்சு."

"விரதம் கலைஞ்சிரும்த்தா" என்றார் பூசாரி.

"கலைஞ்சதை நான் கட்டிக்கிறேன் சாமி, தள்ளுங்க" என்று அவள் டாக்டரம்மா சொன்ன மாத்திரையைப் பிரித்துப் புருஷன் வாயில் வைத்துக் கடிக்கவைத்தாள்.

மதுரை ரோடு பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போக இடுப்பைத் தவிர வழியில்லை. பின்முடுக்கில் ஆளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அலகுக்கு அடிக்க வந்திருந்த மேளக்காரர்கள் இரண்டு பேர் மொக்கராசுவை, கோயிலுக்குப் பாத்திரம் இறக்கிவிட்டு நின்ற அண்ணாச்சியின் தள்ளுவண்டியில் ஏற்றி உட்காரவைத்தார்கள். பவுனுத்தாய் அவன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு முன்னால் போனாள்.

வலைக்குள் நுழைந்து, பூச்சரம் நறுக்குகிற கத்தரிக்கோலை எடுத்து, முதலில் கம்பியில் ஒட்டியிருந்த தன் கூடையின் கயிற்றை அறுத்தாள். கூடை விழுந்து பூவெல்லாம் தரையில் பரவியது. அடுத்து மஞ்சள் கயிறுகளை அறுத்தாள், துணிகளை அறுத்தாள், ஃப்ளெக்ஸ் இரண்டையும் பாரபட்சமில்லாமல் அறுத்தாள்.

"அடியே, சாமி கயித்தை அறுக்குறா!" என்று யாரோ கத்தினார்கள்.

தொட்டில்களுக்கு வந்தபோது அவள் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு ஒவ்வொன்றையும் அறுக்காமல் முடிச்சை அவிழ்த்துக் கட்டியவர்கள் கையிலேயே கொடுத்தாள். "வீட்டுல கட்டு தாயி, அங்கயும் ஆத்தா வருவா" என்றாள். அப்புறம் விசிலை வாயில் வைத்து ஊதினாள்.

அந்த விசிலுக்கு ஊரின் கால்கள் பழகியிருந்தன. யோசிக்குமுன் கால்கள் எடுத்து வைத்துவிட்டன. "வரட்டும் வரட்டும், யம்மா அந்தச் சட்டியைத் தூக்கிப் பிடி, லெஃப்ட்ல வா, யாரும் நிக்காதீங்க, போயிட்டே இருங்க" என்று புருஷனின் குரலிலேயே அவள் சொல்லிக்கொண்டு பின்னோக்கியே நடக்க, அக்கினிச்சட்டி ஒவ்வொன்றாக நகர்ந்தது, ஐஸ் வண்டி நகர்ந்தது, ஆடு போனது. அண்ணாச்சி தள்ளுவண்டியில் இருப்பவன் முகத்தைப் பார்த்தார். ஸ்டூல் போட்டு ஏறி, குத்துவிளக்கையும் குடத்தையும் உருவி உள்ளே வீசினார், விழுந்து நசுங்கியதைத் திரும்பிப் பார்க்கவில்லை. காதர் பாய் செருப்புச் சரங்களைக் கையோடு சேர்த்து வாரினார். ஓடிவந்த பூசாரி உண்டியலின் முன் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சாவியைத் தேடி எடுத்துச் சங்கிலியைத் திறந்து, அதைத் தன் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஒதுங்கினார். ஒட்டியிருந்த உருமிச் சத்தம் கடைசியாகக் கழன்று கோயில் பக்கம் போனது. தள்ளுவண்டி எதிலும் உரசாமல் மினி பஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

கட்டி பாதிதான் திரண்டிருந்தது என்றார்கள் மதுரையில். மறுபடி கம்பி விட்டு அதை எடுத்தார்கள். மொக்கராசு கண் திறந்ததும் டாக்டரம்மா தள்ளிவைத்திருந்த திட்டை எடுத்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"யாரையும் கேக்கல டாக்டர். ரத்தம் வெளிய வரக் கூடாதுன்னுதான்."

"வெளிய வராம இருக்கணும்னு பாத்தீங்க. உள்ளயும் போகாம நின்னுருச்சு" என்றார் டாக்டரம்மா.

அதன்பிறகு ஆவாரங்குளத்தில் யாரும் வலையில் ஒன்றும் கட்டவில்லை. கும்பிட வேண்டும் என்று தோன்றியவர்கள் நடந்துகொண்டே கும்பிட்டார்கள். ஊருக்கு வந்த மாப்பிள்ளைகள் வலைக்குள் நின்று செல்ஃபி எடுத்தால் பெண்வீட்டார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பவுனுத்தாய் கோயில் வாசலுக்கே திரும்பினாள். ஐப்பசி மழை முடிந்தபோது, இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாக ஏதோ கம்பிமேல் படர ஆரம்பித்திருந்தது. கொத்தனார் யாரும் வரவில்லை. அது தானாக ஒவ்வொரு கம்பியாக மூடியது. தொட்டால் லேசான சூடு இருந்தது.

அடுத்த பங்குனிக்கு டாக்டரம்மா படம் பார்த்துவிட்டு, இரண்டு மாத்திரையில் ஒன்றை நிறுத்தலாம், இன்னொன்று ஆயுசுக்கும் வேண்டும், பஸ் வேலைக்குத் திரும்பலாம், ஆனால் கன்னத்தில் குத்துகிற வேலையெல்லாம் ஆகாது என்றார். பவுனுத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் பிழைத்துவிட்டான், நேர்ந்தது அப்படியே நிற்கிறது, அம்மனும் நின்றுகொண்டிருப்பாளே என்று பூசாரியிடம் போய்ச் சொன்னாள்.

வீரணன் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஊரே ஒரு வருஷமா அந்த வலையும் இந்த ஆளும் ஒண்ணுன்னுதான இருக்கு? ஆத்தாவுக்கு மட்டும் தெரியாமலா இருக்கும்? வலைக்குக் குத்துவோம்."

பொங்கலன்று பகலில், ஊர்வலம் நிற்காமல் இரண்டு ஓரமாகவும் போய்க்கொண்டிருக்க, மேளம் நடந்துகொண்டே அடிக்க, பூசாரி வெள்ளி வேலை எடுத்து, இடுப்பின் நடுவில் மூடியிருந்த அந்த வெளுத்த தோலில் வைத்து மெதுவாக அழுத்தினார். வேல் உள்ளே போய் மறுபக்கம் வந்தது. மொக்கராசு தன்னையறியாமல் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வேலின் நுனியில், கடுகளவு, சிவப்பாக ஒரு சொட்டு வந்து நின்றது.

பவுனுத்தாய் அதைப் பார்த்தாள். அண்ணாச்சியும் பாயும் பார்த்தார்கள், பக்கத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பூசாரி வீரணன் ஒருமுறை எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு கட்டைவிரலில் விபூதியை எடுத்து அந்த இடத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"ஒரு சொட்டு வரல!"

"வரல" என்றார் அண்ணாச்சி. "வரல" என்றார் காதர் பாய். "வரல, வரல" என்று சொல்லிக்கொண்டே ஊர் அந்த இடத்தைக் கடந்து போனது. பவுனுத்தாய் ஒரு வருஷமாகத் தன் கழுத்திலேயே கிடந்த விசிலைக் கழற்றிப் புருஷனின் கழுத்தில் போட்டாள். பின்னால் மினி பஸ் ஹாரன் அடித்தது.

மொக்கராசு திரும்பி நின்று, ஊதினான்.